கீழே இருக்கும் இரண்டு இழுப்பறைகள்

ஜனவரி 14, செவ்வாய்

எதிர்வீட்டு கோர்டன் இன்றும் தன் பனியை என் வாசலில் தள்ளியிருக்கிறான். பனி தள்ளும் இயந்திரத்தின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியாதவன் இல்லை. பொறியாளர். கையை உயர்த்தி, "நல்ல பனிதான்," என்றேன். "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்," என்றான். எங்கள் டுலூத் ஊரில் சண்டை என்பது இவ்வளவுதான்.

மற்றபடி நல்ல நாள். ஸ்கேன் எடுத்தார்கள். பெண் குழந்தை.

அறைக்குள் போகும்போது நர்ஸ், "தாத்தாவும் உள்ள வரலாம், தாராளமா வாங்க," என்றாள். என் மனைவி யோலண்டா சிரித்ததில் ஜெல் தடவிய வயிறு குலுங்கி, படத்தை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. எனக்கு ஐம்பத்திரண்டு. அந்த நர்ஸின் பெயர்ப்பட்டையைப் படித்து வைத்திருக்கிறேன்.

திரையில் ஒரு கை தெரிந்தது. விரல்களை விரித்து, மூடி, விரித்து.

ஜனவரி 15

பின்னறையைக் காலி செய்யத் தொடங்கினேன். வரலாற்றுப் புத்தகங்கள் நிலவறைக்கு.

ஜனவரி 25, சனி

அப்பா அறுபத்து மூன்றில் போனார். அவர் கணக்கே எனக்கும் என்றால் இவள் அப்போது ஆறாம் வகுப்பில் இருப்பாள். இதை யோலண்டாவிடம் சொல்லவில்லை. "குழந்தைக் கட்டில் நல்ல மரமா, காலத்துக்கும் நிக்கிற மாதிரி வாங்கணும்," என்று மட்டும் சொன்னேன். நான் இல்லாவிட்டாலும் கட்டில் இருக்க வேண்டும். யாராவது "இது எங்கே வாங்கினது?" என்று கேட்டால், "அப்பா வாங்கினது," என்று அவள் சொல்ல வேண்டும். ஒரு மனிதன் இதற்கு மேல் என்ன ஆசைப்பட முடியும்?

பள்ளியில் கிளேட்டன், "எதுக்கு இவ்வளவு யோசிக்கறீங்க லைல்? ரெண்டு வருஷத்துச் சாமான்தானே," என்றான். எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறான். அந்த நாற்காலியும் ரெண்டு வருஷத்துச் சாமானாக இருக்கட்டும்.

பிப்ரவரி 8, சனி

கட்டில் வாங்கியாயிற்று. மேப்பிள். கம்பிகளெல்லாம் முழு மரம். ஆணி இல்லை, திருகாணி. கடையில் இருந்த ஒவ்வொரு கட்டிலையும் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். மூன்று கட்டில்கள் கிழவன் பல் போல ஆடின. விற்பனைப் பையன் எங்களைவிட்டுத் தள்ளியே நின்றான்.

"இன்னும் கொஞ்சம் உலுக்கு," என்றாள் யோலண்டா. "உள்ள கரடி படுக்கப் போகுதுல்ல."

இதையே பிற்பாடு ஒரு பக்கம் திறந்த சின்னப் படுக்கையாக மாற்றலாம். அதற்கும் பிறகு பெரியவர்கள் படுக்கும் முழுக் கட்டிலாகவும் ஆக்கலாம். அப்படி ஆக்க நீளமான பக்கச் சட்டங்கள் தனியாக வேண்டும். "அதை அப்புறமா வேணும்போது வாங்கிக்கலாம்," என்றான் பையன். அப்புறம்! ஆறு வருஷம் கழித்து வந்து கேட்டால், அந்த மாதிரி செய்வதை நிறுத்திவிட்டோம் என்பார்கள். எனக்குத் தெரியாதா இவர்களை. இன்றே வாங்கினேன். சட்டங்கள் நிலவறையில், அட்டையில் சுற்றி, நிமிர்த்தி நிற்கின்றன. இன்னும் பிறக்காதவளின் பதினாறு வயதுக் கட்டில் என் வீட்டில் இருக்கிறது. மிகவும் திருப்தியாக இருக்கிறது.

பிப்ரவரி 9

காலையில் எழுந்ததும் போய் மறுபடி உலுக்கிப் பார்த்தேன். அசையவில்லை.

பிப்ரவரி 22, சனி

மெத்தை. கெட்டியாக இருக்க வேண்டும். நம் கைக்கு ஐயோ பாவம் என்று தோன்றுகிற அளவு கெட்டியாக. உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் குழி நிற்கக் கூடாது. கட்டிலுக்கும் மெத்தைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையக் கூடாது. இது நுழையவில்லை, என் விரல்கள் தடித்தவை என்பதால் யோலண்டாவும் நுழைத்துப் பார்த்தாள்.

விரிப்புகள் பருத்தி, மூலைகளில் எலாஸ்டிக் வைத்து இறுகப் பிடிப்பவை. நான்கு வாங்கினோம். அவ்வளவுதான். தலையணை இல்லை, போர்வை இல்லை, பொம்மை இல்லை. குழந்தைக்கு மூச்சு முட்டும் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளிருக்கு, கை வெளியே இருக்கும்படி உடம்போடு மாட்டுகிற பை போன்ற உடுப்பு. கம்பளியில் ஒன்று, பருத்தியில் இரண்டு.

கிளேட்டன் தம்பதி பரிசு அனுப்பியிருக்கிறார்கள். கட்டில் கம்பியைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத்திண்டு, யானைப் படம் போட்டது. டாக்டர் கூடாது என்று சொன்ன பட்டியலில் முதலாவது. நன்றி அட்டை எழுதிவிட்டேன். திண்டு பூனைக்கு.

மார்ச் 3, திங்கள்

கட்டில் இருக்கிறது, ஆடும் நாற்காலி இருக்கிறது. துணி வைக்க அலமாரி இல்லை. கடைகடையாக ஏறி இறங்கினோம். எல்லாவற்றிலும் முகப்பு மட்டும் மரம். இழுப்பறையை உருவிப் பார்த்தால் முதுகு அட்டை. அழுத்தினால் வளைகிறது.

அம்மாவின் பிர்ச் மர அலமாரி போல ஒன்று இப்போது எங்கும் இல்லை. ஐந்து இழுப்பறை. மேல் மூன்று அண்ணன் வெண்டலுக்கு, கீழ் இரண்டு எனக்கு. நான் சின்னவன் என்பதால் கீழே. பிறகு நான் அவனைவிட உயரமாக வளர்ந்தும் குனிந்துகொண்டேதான் இருந்தேன். அதை யாரும் மாற்றவில்லை.

அது வெண்டலிடம் பெமிட்ஜியில் இருக்கிறது. எப்படிப் போயிற்று என்று இன்று யோலண்டா கேட்டாள். சொல்லியிருக்கக் கூடாது.

அம்மாவை அடக்கம் செய்த அன்று, சர்ச் கீழ்த்தளத்தில், கையில் காபியோடு கேட்டான்: "அம்மா அலமாரி உனக்கு வேணுமாடா?"

"எனக்கெதுக்கு, நீயே வச்சுக்கோ," என்றேன்.

காரில் ஏறும்போது இரண்டாம் முறை கேட்டான். "நிஜமாத்தான் சொல்றியா?"

"அட, பரவால்ல."

யோலண்டா, "சரி, அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் கேக்கவே இல்லை."

"ரெண்டு தடவை கேட்டிருக்கான். ரெண்டு தடவையும் நீ வேண்டாம்னிருக்கே."

"மூணாவது தடவை கேக்கணும்! முதல் ரெண்டு தடவை யாராவது சரின்னு சொல்வாங்களா? மூணாவது தடவை கேட்டா, 'நீ இவ்வளவு சொல்றதுனால எடுத்துக்கறேன்'னு சொல்றது. அதுதானே முறை!"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குழந்தை உதைக்கிறது, நிறுத்து என்றாலும் நிறுத்தவில்லை. அவள் நியூ மெக்சிகோக்காரி. அவர்கள் வீட்டில் ஒருமுறை சாப்பிடுகிறாயா என்று கேட்டு, வேண்டாம் என்றால் தட்டை எடுத்துவிடுவார்கள். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் நான் பட்டினி கிடந்த கதை எனக்குத்தான் தெரியும்.

பதினொரு வருடமாக அண்ணனோடு கிறிஸ்துமஸ் அட்டை மட்டும்தான். வானிலை எழுதுவோம்.

மார்ச் 16, ஞாயிறு

வெண்டல் போன் செய்தான். யோலண்டா அவனுக்குத் தனியாக ஒரு அட்டை போட்டு விஷயத்தை எழுதியிருக்கிறாள், என்னைக் கேட்காமல்.

"பொண்ணாமே. ரொம்ப சந்தோஷம்டா."

"ஆமா. அங்க பனி எப்படி?"

"இருக்கு." அவ்வளவுதான் வானிலை. "நம்ம படுத்த பழைய கட்டில் பரண்ல இருக்கு. கொண்டு வரட்டா?"

அது பக்கக் கம்பி கீழே இறங்குகிற பழைய மாதிரி. அதில் குழந்தைகள் சிக்கிக்கொள்கிறார்கள் என்று இப்போது விற்கவே தடை. "வேண்டாம், வாங்கியாச்சு," என்றேன்.

"அட, சும்மாதானே கிடக்கு."

"வேண்டாம் வெண்டல், நிஜமா."

"எனக்கு ஒரு சிரமமும் இல்லடா."

"வேண்டாம்."

"சரி சரி. பாக்கலாம்."

அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பரணில் கிடப்பதை மட்டும் தள்ளப் பார்க்கிறான்.

ஏப்ரல் 12, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

காலை பதினோரு மணிக்கு வாசலில் ஒரு பிக்கப் வண்டி. பின்னால் நீலத் தார்ப்பாய் சுற்றி, கயிறு கட்டி, பழைய கட்டில். வெண்டல் இறங்கினான். தலை முழுக்க நரைத்துவிட்டது. இரண்டரை மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறான்.

"மூணு தடவை வேண்டாம்னு சொன்னேனே!"

"நீ எதுக்குத்தான் வேண்டாம்னு சொல்லாம இருந்திருக்க? நாலாவது தடவை கேக்கறதுக்குப் பதிலா கொண்டாந்துட்டேன்."

நிஜமான வேண்டாமும் மரியாதைக்குச் சொல்கிற வேண்டாமும் எங்கள் வாயில் ஒரே மாதிரிதான் வருகின்றன. ஐம்பது வருடமாக இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தக் குழப்பத்தில் இதுவரை ஒரு நாடும் எங்கள் மேல் படையெடுக்காதது ஆச்சரியம்.

யோலண்டா வெளியே வந்து கட்டிலின் பக்கக் கம்பியைத் தொட்டாள். அது படாரென்று இறங்கியது.

"இது கட்டிலா வெண்டல், எலிப்பொறியா?"

"நாங்க ரெண்டு பேரும் இதுலதான் வளந்தோம்."

"அதான் தெரியுதே."

அவன் சிரித்தான். அவள் மிளகாய் போட்ட பன்றிக்கறிக் குழம்பு வைத்திருந்தாள். ஒரு வாய் வைத்ததும் நெற்றியில் வேர்வை. "கொஞ்சம் வித்தியாசமா இருக்கு," என்றான். அதைவிடக் கடுமையாக ஒரு சமையலை எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லிவிட முடியாது. இன்னும் போடட்டுமா என்று அவள் கேட்டதற்கு இரண்டு உள்ளங்கையையும் முகத்துக்கு நேரே தூக்கினான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு எப்போதும் இரண்டு கையும் வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

அப்போதுதான் யோலண்டா கரண்டியைக் கீழே வைத்தாள். "வெண்டல், எனக்கு ஒண்ணு தெரியணும். அந்த அலமாரிய ஏன் மூணாவது தடவை கேக்கல? பதினொரு வருஷமா அது எங்க கட்டில் நடுவுல படுத்திருக்கு."

எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை.

வெண்டல் என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சொன்னான்: "மூணாவது தடவை கேட்டா இவன் எடுத்துக்குவான்னு தெரியும். அது எனக்கு வேண்டியிருந்தது. அதான் ரெண்டோட நிறுத்திக்கிட்டேன்."

யோலண்டாவுக்கு வாயடைத்துப் போனது. நான் அதைப் பார்த்தது இதுவே முதல்முறை.

எனக்கோ — எப்படி எழுதுவது — கோபமே வரவில்லை. பதினொரு வருடம் நான் நினைத்தது சரி! பைத்தியக்காரத்தனம், கணக்குப் பார்க்கிற புத்தி என்றெல்லாம் நானே என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். சரியாகத்தான் நினைத்திருக்கிறேன். இந்த உலகத்தில் ஒரு மனஸ்தாபமாவது ஆதாரத்தோடு நிரூபணமாகிவிட்டது. அவனுக்கு நானே எழுந்து காபி ஊற்றினேன்.

போகும்போது வண்டிக் கதவைத் திறந்துகொண்டே கேட்டான். "இப்ப வேணுமாடா அது? பொண்ணுக்கு?"

என் வாய் தானாகத் திறந்தது. "அட, உனக்கு வேணுமே. இருக்கட்டும்."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

யோலண்டா சன்னலில் நின்றிருந்தாள். உள்ளே வந்ததும், "ஒரே ஒரு வார்த்தை. 'சரி.' மூணு எழுத்துகூட இல்ல!" என்று கத்திவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 13

அவள் இன்னும் பேசவில்லை. பழைய கட்டில் கார் கொட்டகையில் நிற்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு. ஈஸ்டர்

வெண்டல் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டான். பேச்சோடு பேச்சாக, "அந்த அலமாரி விஷயம், என்ன சொல்றே?" என்றான். இரண்டாவது முறை.

யோலண்டா எதிரே நின்று, உதட்டை அசைத்து, சத்தமில்லாமல் 'சரி, சரி' என்று சொல்லிக்கொடுத்தாள். நான், "ஜோலீன் என்ன சொல்வாங்களோ," என்றேன். அவன் மனைவியின் தலையில் போட்டுவிட்டேன். என்னால் முடியவில்லை. இரண்டாவது கேள்விக்குச் சரி சொன்னால் அவனிடம் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கும்.

"பாக்கலாம்," என்று வைத்துவிட்டான்.

அவன் இப்போதும் இரண்டோடு நிறுத்திக்கொண்டால்? அவனுக்கு அது இன்னும் வேண்டியிருந்தால்? இனி கிறிஸ்துமஸ் அட்டைகூட வராது. என் பெண்ணுக்கு என் பக்கத்தில் மிச்சம் இருக்கிற சொந்தம் அவன் ஒருவன்தான். ஒரு அலமாரிக்காக அதுவும் போகும்.

ஏப்ரல் 27

போன் வரவில்லை.

மே 3, சனி

துணிகள் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. சுண்டுவிரல் நீளக் காலுறைகள். யோலண்டா சொன்னதால் கடைக்குப் போனேன். வெள்ளை அலமாரி, நான்கு இழுப்பறை, முதுகு அட்டை. கை வைத்து நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண்மணி வந்து, "பேத்திக்கா?" என்றாள். வாங்காமல் திரும்பிவிட்டேன்.

மே 7, புதன்

போன். வணக்கம் இல்லை, வானிலை இல்லை.

"மூணாவது தடவையா கேக்கறேன். நீ எண்ணிக்கிட்டிருப்பேன்னு தெரியும். நடுவுல நான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். அம்மா அலமாரி உன் பொண்ணுக்கு வேணுமா?"

தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "நீ இவ்வளவு சொல்றதுனால..."

"அப்பாடா," என்றான்.

மே 10, சனி

வந்துவிட்டது. நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. ஆனால் இரண்டு பேர் தூக்கியும் படியில் நின்று நின்றுதான் ஏற்ற முடிந்தது. அவ்வளவு கனம். ஒரு பக்கமும் ஆடவில்லை. இழுப்பறை முதுகில் அட்டை இல்லை, பலகை. பெயின்ட் அடித்ததில்லை, வெறும் வார்னிஷ், அதனால் பழைய பெயின்டில் இருக்கும் ஈய விஷத்தின் பயமும் இல்லை.

மேல் மூன்றிலும் மீன்பிடிச் சாமான் வாசனை. எலுமிச்சை வைத்துத் துடைத்தோம். கீழே இரண்டும் காலியாகவே இருந்திருக்கின்றன.

"அதுல ஒண்ணும் வைக்கலியா நீ?"

"உன்னுது ஆச்சே," என்றான், திருகாணியைத் தேடிக்கொண்டே.

கடைசி இழுப்பறையை முழுக்க உருவியபோது உள்முதுகில் பென்சில் எழுத்து. என் கையெழுத்து, ஒன்பது வயதில்: வெண்டல் ஒரு கழுதை.

"அதை ஜோலீன் துடைக்கப் போனா. விடலை," என்றான்.

குழந்தை பிடித்து ஏறினால் கவிழக் கூடாது என்று, சுவருக்குள் இருக்கும் மரத்தூணைத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்து, இரும்புப் பட்டை போட்டு அலமாரியைச் சுவரோடு முடுக்கினோம். நான் உலுக்கினேன். போதாதென்று அவனும் உலுக்கினான். வீடுதான் அசைந்தது.

மாலையில் பழைய கட்டிலைக் கழற்றினோம். பக்கக் கம்பிகள் இரண்டையும் அவன் எங்கள் தோட்டத்தில் நட்டு, பட்டாணிக் கொடிக்கு என்று விட்டுப் போயிருக்கிறான். நான் கேட்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

மே 11

காலுறைகள் கடைசி இழுப்பறையில். வேண்டுமென்றே அங்கே வைத்தேன். அவளுக்கு எட்டும் உயரம் அதுதான். வளர வளர மேலே போகலாம். இவள் விஷயத்தில் மாற்றுவோம்.

மே 30, வெள்ளி

ரமோனா. அதிகாலையில். இருவரும் நலம். அதே நர்ஸ். "அப்பா, கையை நீட்டுங்க," என்றாள். மன்னித்துவிட்டேன்.

ஜூன் 8

கட்டிலில் அவள் ஒரு மூலையைக்கூட நிரப்பவில்லை. அத்தனை மேப்பிளுக்கு நடுவில் ஒரு ரொட்டி அளவு. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உலுக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஞானஸ்நானம் ஆகஸ்டில். ஞானத்தந்தையாக இருக்கிறாயா என்று வெண்டலைப் போனில் கேட்டேன்.

"நானா? ஐயய்யோ, வேண்டாம்டா. நான் சர்ச்சுக்குள்ள போயே எவ்வளவு நாளாச்சு."

ஜூன் 29

மறுபடி கேட்டேன். "யாராவது சின்ன வயசா பாருடா. எனக்கு அறுபதாகப் போகுது," என்றான். போனில் தெரியாது, ஆனால் இரண்டு உள்ளங்கையையும் தூக்கியிருப்பான். போனைத் தோளில் இடுக்கியிருப்பான்.

"உன் அண்ணன் நிஜமாவே வேண்டாம்னு சொல்றானோ?" என்று யோலண்டா கேட்டாள். தெரியாது என்றேன். யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது.

ஜூலை 12, சனி

பெமிட்ஜிக்குக் கிளம்புகிறோம், ரமோனாவின் முதல் நீண்ட பயணம். காரில் சாமான் ஏற்றும்போது கோர்டன் வந்தான். "பட்டாணிக்குத் தண்ணி விடட்டுமா, நீங்க வர்ற வரைக்கும்?" வேண்டாம், மழை வரும் என்றேன். "சிரமமே இல்ல," என்றான். பரவாயில்லை, ஒரு நாள்தானே என்றேன். போவான் என்று நினைத்தேன். பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து மூன்றாவது முறையும் கேட்டான். பனி விஷயத்தை நான் மறந்துவிடவில்லை. ஆனால் கேட்டான், எழுதி வைக்கிறேன்.

யோலண்டா ஹார்ன் அடிக்கிறாள். மூன்றாவது முறையைப் போனில் கேட்கப்போவதில்லை. அவன் வாசலில் நாங்கள் இறங்கியதும் முதலில் ரமோனாவை அவன் கையில் கொடுத்துவிடுவேன். தலைக்கு ஒரு கை, உடம்புக்கு ஒரு கை. அதன்பிறகுதான் கேட்பேன்.